உபகாரச் சம்பளத்தில் படித்தவர்

(மெக்கானிக்கல், 2008–2012)

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது நான் சைட்டில் இருந்தேன். கல்லூரி நாட்களைப் பற்றி இரண்டு மூன்று பக்கம் எழுதிக் கொடுங்கள், சிரிப்பாக இருந்தால் ரொம்ப நல்லது என்றார் நண்பர். மெஸ் சாம்பாரைப் பற்றியும் மூன்றாம் ஆண்டு டூரைப் பற்றியும் எழுத என்னைவிட நல்ல ஆட்கள் நம் செட்டில் இருக்கிறார்கள். எனக்குக் கல்லூரி என்றதும் கண்முன் வந்து நிற்பது ஆபீஸ் வராந்தாவில் மாட்டியிருந்த நோட்டீஸ் போர்டுதான். அதைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி எழுதுங்கள் என்றார்.

அந்த போர்டில் வருஷத்துக்கு ஓரிரு முறை ஒரு பட்டியல் ஒட்டுவார்கள். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர்கள் இன்ன தேதிக்குள் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று மேலே இருக்கும், கீழே பெயர்கள். என் பெயரும் அதில் இருக்கும். பகலில் நான் அந்தப் பக்கமே போக மாட்டேன். சாயங்காலம் எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடிய பிறகு, ஷூ லேஸ் கட்டுகிறவன் மாதிரிக் குனிந்து ஓரக்கண்ணால் தேதியைப் பார்த்துக்கொண்டு வருவேன். நான்கு வருஷமும் இப்படித்தான். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். பின்னால் விசாரித்தால், வகுப்பு முழுக்கத் தெரிந்திருக்கிறது. ஒருவரும் கேட்டதில்லை என்பது அவர்களுடைய நல்ல மனசு.

என் ஊர் முத்துப்பேட்டைப் பக்கம். தாத்தா பண்ணையாள். அப்பாவுக்கு நடவு, அறுப்பு. வயல் வேலை இல்லாத நாட்களில் கடைத்தெருவில் மூட்டை தூக்குவார். எங்கள் பக்கத்தில் கையில் நாலு காசு புரள்வது தை அறுப்பில்தான். கல்லூரிக்குப் பணம் கட்டச் சொல்வதோ ஆடியில். இந்த இரண்டு மாதத்துக்கும் நடுவில் கிடக்கும் தூரத்தை எங்கள் வீட்டில் தாண்ட வைத்தது அரசாங்கத்தின் ஸ்காலர்ஷிப்.

பழைய ஆட்கள் அதை உபகாரச் சம்பளம் என்பார்கள். தாத்தாவுக்கும் அந்தச் சொல்தான் தெரியும். உபகாரம் என்றால் ஒருவர் மனமிரங்கிச் செய்வது. சம்பளம் என்றால் நமக்குச் சேர வேண்டியது என்று கேட்டு வாங்குவது. இரண்டும் எப்படி ஒரே சொல்லுக்குள் வந்து உட்கார்ந்தன என்று அன்று நான் யோசிக்கவில்லை. என் காதில் விழுந்தது உபகாரம் என்ற பாதி மட்டும். அதனால்தான் அந்த ஷூ லேஸ்.

வேலைக்குப் போன புதிதில், நைட் ஷிஃப்டில் நேரம் போக வேண்டுமே என்று புத்தகக் கண்காட்சியில் டாக்டர் அம்பேத்கரின் வாழ்க்கை வரலாற்றையும், தமிழில் வந்திருக்கும் அவருடைய நூல் தொகுதிகள் சிலவற்றையும் வாங்கினேன். அரசியல் சட்டம் எழுதியவர், சிலையில் விரல் நீட்டி நிற்பவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை. அந்தப் பக்கங்களில்தான் நான் வாங்கிய ஸ்காலர்ஷிப்பை யார் கேட்டார், எந்த வருஷம் கேட்டார், என்ன கணக்குக் காட்டிக் கேட்டார் என்பதெல்லாம் இருந்தது. அதைவிட ஆச்சரியம், கேட்டவரே ஒரு ஸ்காலர்ஷிப் மாணவர்.

அம்பேத்கர் பிறந்தது 1891 ஏப்ரல் 14, இன்றைய மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் மாவ் என்ற ராணுவ ஊரில். அப்பா ராம்ஜி சுபேதார். ராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அந்தக் காலத்தில் மகர் குடும்பம் ஒன்றில் புத்தகம் இருந்ததற்குக் காரணம் பட்டாளம்தான். சிப்பாய்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு உண்டு என்ற ஏற்பாட்டில் ராம்ஜி எழுத்துக் கற்றார். அந்த எழுத்து மகனுக்கு வந்தது. பீமராவ் சின்னப் பையனாக இருக்கும்போதே தாயார் பீமாபாய் இறந்துவிட்டார்.

சாத்தாராவில் பள்ளிக்குப் போகும்போது உட்காருவதற்கு வீட்டிலிருந்து கோணிச் சாக்குக் கொண்டுபோக வேண்டும். தாகம் எடுத்தால் பியூன் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும். பியூன் இல்லாத நாளில் தண்ணீர் இல்லை. இதையெல்லாம் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். பிறகு குடும்பம் பம்பாய்க்கு வந்தது. பரேல் பக்கம் மில் தொழிலாளர்கள் வாழும் ஒற்றை அறை. அதே அறையில் சமையல், அதே அறையில் படுக்கை. ராம்ஜி பின்னிரவில் விழித்திருந்து மகனை எழுப்பிவிட்டுப் படிக்க வைப்பாராம். புத்தகம் வாங்கப் பணம் இல்லாதபோது, கட்டிக்கொடுத்த மகள்களிடம் போய் நகையைக் கடனாக வாங்கி அடகு வைத்தார். இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். எங்கள் அக்காவின் தோட்டைப் பற்றி இங்கே எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி அரசாங்கப் பள்ளிதான். அங்கேயும் அவரைக் கரும்பலகையில் கணக்குப் போட ஆசிரியர் கூப்பிட்டபோது, மற்ற பையன்கள் ஓடிப்போய்ப் பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தங்கள் சாப்பாட்டு டப்பாக்களை எடுத்துக்கொண்டார்கள். சமஸ்கிருதம் படிக்க ஆசைப்பட்டார். கற்றுத்தர ஆள் இல்லை. பாரசீகம் எடுத்துப் படித்தார். 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். 750க்கு 282 மதிப்பெண். மார்க் ஷீட்டைப் பார்த்து ஒருவனை எடைபோடும் நம் மாதிரி ஆட்களுக்காகவே இந்த எண்ணை எழுதுகிறேன்.

அந்தச் சமூகத்தில் மெட்ரிக் தேறுவது அவ்வளவு அரிது என்பதால் பாராட்டுக் கூட்டமே நடந்தது. அங்கே வந்திருந்தவர்களில் ஒருவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் என்ற ஆசிரியர். பூங்காவில் தனியே உட்கார்ந்து படிக்கும் இந்தப் பையனை ஏற்கெனவே கவனித்து வைத்திருந்தவர். தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். கல்லூரியில் நடுவழியில் ராம்ஜியால் பணம் கட்ட முடியாமல் போனபோது, பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட்டிடம் பையனை அழைத்துப்போனவரும் அவர்தான். மன்னர் சில கேள்விகள் கேட்டார், திருப்தி. மாதம் 25 ரூபாய் என்று முடிவானது. இப்படித்தான் 1912இல் பி.ஏ. முடிந்தது, பாடம் பொருளாதாரமும் அரசியலும்.

இந்த 25 ரூபாயை நான் பல நாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன். கேலுஸ்கர் அந்தப் பூங்காவுக்கு வராமல் இருந்திருந்தால்? மன்னருக்கு அன்று வேறு வேலை இருந்திருந்தால்? ஒரு ஆசிரியரின் நல்ல குணமும் ஒரு ராஜாவின் தயவும் ஒரே நாளில் சேர்ந்து வந்ததால் ஒரு படிப்பு நடந்தது. அதே பரேலில், அதே மாதிரி ஒற்றை அறையில், யார் கண்ணிலும் படாமல் போன பையன்கள் எத்தனையோ பேர்.

பி.ஏ. முடித்ததும் பரோடா சமஸ்தான வேலைக்குப் போனார். போன சில நாளிலேயே அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தந்தி. 1913 பிப்ரவரி 2ஆம் தேதி ராம்ஜி இறந்தார். அதே வருஷம் மன்னர் சில மாணவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பத் தீர்மானித்தபோது அம்பேத்கரும் விண்ணப்பித்துத் தேர்வானார். மாதம் பதினொன்றரை பவுன், மூன்று வருஷம். படிப்பு முடிந்ததும் பத்து வருஷம் பரோடாவில் வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம். கேம்பஸ் இன்டர்வியூவில் இரண்டு வருஷ பாண்டுக்கே நாம் எவ்வளவு யோசித்தோம்!

1913 ஜூலையில் நியூயார்க் போய்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். செலிக்மன், ஜான் டூயி போன்ற பெரிய பேராசிரியர்களிடம் படித்தார். வந்த ஸ்காலர்ஷிப் பணத்தில் ஒரு பகுதி பம்பாயில் இருந்த குடும்பத்துக்குப் போனது. மிச்சத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு பழைய புத்தகக் கடைகளில் புத்தகமாக வாங்கிக் குவித்தார். 1915இல் எம்.ஏ. அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிப் பொருளைக் கவனிக்க வேண்டும்: பிரிட்டிஷ் இந்தியாவில் அரசாங்கப் பணம் எங்கிருந்து வருகிறது, மத்திக்கும் மாகாணத்துக்கும் எப்படிப் பிரிகிறது என்பது. கஜானாவின் பைப்லைன் வரைபடத்தை அந்த மனிதர் இருபத்தைந்து வயதிலேயே கையில் வைத்திருந்தார் என்று சொல்லலாம். முப்பது வருஷம் கழித்து அது நமக்கு உதவியது.

1916இல் லண்டனுக்குப் போய் லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் சட்டம் படிக்க கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். சேர்ந்த மறு வருஷமே ஸ்காலர்ஷிப் காலம் முடிந்துவிட்டது. படிப்பு பாதியில் நிற்கிறது. நான்கு வருஷத்துக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்று பல்கலைக்கழகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு ஊருக்குக் கப்பல் ஏறினார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். அவருடைய புத்தகப் பெட்டிகள் வந்த கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அதற்கு நஷ்டஈடாக வந்த 600 ரூபாயில்தான் பரோடாவுக்குப் போகவும் வீட்டுச் செலவுக்கும் பணம் கிடைத்தது. எவ்வளவு ஆசையாக வாங்கிய புத்தகங்கள், கடைசியில் டிக்கெட் செலவாக மாறின.

பரோடாவில் என்ன நடந்தது என்பது பலருக்கும் தெரிந்த கதை. அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த அதிகாரிக்கு ஆபீசில் குடிக்கத் தண்ணீர் இல்லை. கடைநிலை ஊழியர்கள் ஃபைலைக் கையில் கொடுக்காமல் தூக்கிப் போட்டார்கள். தங்க இடம் கிடைக்காமல் பார்சி விடுதி ஒன்றில் பெயரை மாற்றிச் சொல்லித் தங்கினார். விஷயம் தெரிந்து கம்போடு ஆட்கள் வந்து வெளியேற்றினார்கள். ஒரு பூங்காவில் மரத்தடியில் உட்கார்ந்து அழுதுவிட்டு பம்பாய்க்கு ரயில் ஏறினார். பத்து வருஷ ஒப்பந்தம் இப்படி சில நாட்களில் முடிந்தது. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு சமஸ்தானத்திலிருந்து பின்னால் கடிதங்கள் வந்தன. தயவில் வரும் பணத்துக்கு இப்படி ஒரு வால் உண்டு.

1918இல் சிடென்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. மாதம் 450 ரூபாய். அதில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜ் உதவினார். நவல் பதேனா என்ற பார்சி நண்பர் 5000 ரூபாய் கடன் கொடுத்தார். 1920இல் மறுபடி லண்டன்.

இந்த பதேனாவைப் பற்றி வரலாற்றில் ஒன்றிரண்டு வரிதான் வருகிறது. ஆனால் எனக்கு அவரை நன்றாகத் தெரியும். முத்துப்பேட்டைக் கடைத்தெருவில் அவர் இரும்புக் கடை வைத்திருந்தார். மூன்றாம் ஆண்டில் எனக்கு வர வேண்டிய ஸ்காலர்ஷிப் எங்கோ நின்றுபோனது. எந்த மேசையில் நின்றது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கட்டணத்துக்குக் கடைசித் தேதி வந்துவிட்டது. அப்பா மூட்டை இறக்கும் கடையின் பாய், அப்பா கேட்காமலே, பையன் ஏன் ஊரில் சுற்றுகிறான் என்று விசாரித்து, கல்லாவிலிருந்து எண்ணிக் கொடுத்தார். வட்டி என்ற பேச்சே அவரிடம் கிடையாது. ஸ்காலர்ஷிப் வந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் டிராயரில் போட்டார்.

லண்டனில் அம்பேத்கர் இருந்த மூன்று வருஷமும் அரை வயிறுதான். பகல் முழுக்க பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்தில் உட்கார்ந்திருப்பார். மதியச் சாப்பாடு பெரும்பாலும் இல்லை. பம்பாயில் அவர் மனைவி ரமாபாய் பட்ட கஷ்டம் அதைவிடப் பெரிது. பிள்ளைகளைப் பறிகொடுத்துக்கொண்டு, வரட்டி தட்டிக் குடும்பம் நடத்திய அந்த அம்மாள் 1935இல் காலமானார். எந்த ஸ்காலர்ஷிப்பும் வீட்டில் இருப்பவர்களின் பட்டினியைக் கணக்கில் எடுப்பதில்லை.

1921இல் எம்.எஸ்சி. பிறகு பாரிஸ்டர். ரூபாயின் பிரச்சினை பற்றி டி.எஸ்சி. பட்டத்துக்கு எழுதிய ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் திருத்தி எழுதச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். கையில் பணம் இல்லாததால் 1923 ஏப்ரலில் ஊர் திரும்பி, இங்கிருந்தே திருத்தி அனுப்பிப் பட்டம் வாங்கினார். அரியர் வைத்திருக்கும் தம்பிகள் மனதைத் தேற்றிக்கொள்ள இதைவிடப் பெரிய உதாரணம் நான் தேடித் தர முடியாது. வக்கீல் தொழில் பதிவுக்குக் கட்டப் பணமில்லை. அதையும் நவல் பதேனாதான் கொடுத்தார்.

இதற்குப் பிறகு மகாத் குளம், வட்டமேஜை மாநாடு, புனா ஒப்பந்தம் என்று அவர் வாழ்க்கை நாட்டின் வரலாறாகிவிடுகிறது. அதெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே இருப்பதால் இங்கே தாண்டிப் போகிறேன். படிப்புக்குப் பணம் என்ற ஒரே கயிற்றை மட்டும் பிடித்துக்கொள்வோம்.

1924இல் அவர் தொடங்கிய சபை மறு வருஷமே சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றைத் திறந்தது. 1927இல் பம்பாய் சட்டமன்றத்தில் உறுப்பினராக உட்கார்ந்ததும் கல்வி மானியத்தைப் பற்றிப் பேசினார். மதுவின் மூலம் மக்களிடமிருந்து வசூலிக்கிற அளவுக்காவது அவர்கள் படிப்புக்குச் செலவு செய்யுங்கள் என்று தலைக்கு எவ்வளவு என்ற கணக்கோடு கேட்டார். (இந்தக் கணக்கை நம் காலத்து எண்களை வைத்து யாராவது போட்டுப் பார்க்கலாம். நான் போடவில்லை.) இன்னொரு சந்தர்ப்பத்தில், சிறு பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப்பைப் பணமாகக் கொடுக்காதீர்கள், அந்தப் பணத்தில் விடுதி கட்டுங்கள் என்றார். ஏழை வீட்டில் பணம் போனால் பையன் படிப்புக்கு முன்னால் அடுப்பு அதைப் பிடுங்கிக்கொள்ளும் என்பது அவர் வாதம். படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. பிறகு நினைத்துப் பார்த்தேன்: என் முதல் வருஷப் பணத்தில் பாதி எங்கள் வீட்டுக் கூரைக்குத்தானே போனது!

1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். தொழிலாளர் துறை என்றாலும் பாசனமும் மின்சாரமும் அவர் கையில் இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கும், இன்று மத்திய நீர்வள ஆணையம் என்று இருக்கும் அமைப்புக்கும் அடித்தளம் அந்த நாட்களில் போடப்பட்டது. சிவில், எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் கவனிக்க.

பதவியேற்ற நான்காவது மாதம், 1942 அக்டோபர் 29 தேதியிட்டு, வைஸ்ராய் லின்லித்கோவுக்கு ஒரு நீண்ட மனுக் கொடுத்தார். தாழ்த்தப்பட்ட மக்களின் குறைகள் என்பது தலைப்பு. அரசியல், வேலைவாய்ப்பு என்று பல விஷயங்கள் அதில் உண்டு. கல்விப் பகுதியில் அவர் வைக்கும் வாதம் ஒரு பொறியாளனின் எஸ்டிமேட் மாதிரி இருக்கும். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் மத்திய அரசு வருஷத்துக்கு இவ்வளவு லட்சம் என்று மானியம் கொடுக்கிறது. அதே அரசுக்கு வரி கட்டும் எங்கள் மக்களுக்கு அந்தக் கணக்கில் என்ன இருக்கிறது? பல்கலைக்கழகம் கட்டித் தர வேண்டாம். மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுங்கள். உள்நாட்டில் படிக்க வருஷத்துக்கு 2 லட்சம் ரூபாய். வெளிநாட்டில் படிக்க 1 லட்சம்.

எந்தப் படிப்புக்கு என்பதிலும் தெளிவாக இருந்தார். பி.ஏ.வும் சட்டமும் படிப்பதால் மட்டும் இந்த மக்கள் பெரிதாக மேலே வர முடியாது, விஞ்ஞானத்திலும் தொழில்நுட்பத்திலும் உயர்ந்த படிப்பு வேண்டும், அந்தப் படிப்புக்கு ஆகும் செலவு அவர்களால் தாங்க முடியாதது, ஆகவே அரசாங்கம் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். இதை எழுதியவர் தாமே சட்டமும் பொருளாதாரமும் படித்தவர். தமக்குக் கிடைத்த படிப்பைப் போல இன்னொன்று கேட்காமல், தமக்குக் கிடைக்காத படிப்பைக் கேட்டார். இந்தப் பக்கத்தைப் படித்தது ஒரு அதிகாலை மூன்று மணிக்கு, கம்ப்ரெஸர் ஹவுஸ் பக்கத்து அறையில். மெக்கானிக்கல் லேப்பில் லேத் முன்னால் நான் நின்ற அத்தனை மணி நேரத்துக்கும் ஒருவர் 1942லேயே எஸ்டிமேட் போட்டுக் கொடுத்திருக்கிறார் என்று தோன்றியது. எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து திரும்பவும் படித்தேன்.

வைஸ்ராயை எப்படி ஒத்துக்கொள்ள வைத்தார் என்பதைப் பின்னாளில் கூட்டங்களில் அவரே சொல்லியிருக்கிறார். நான் ஒருவன் ஐந்நூறு பட்டதாரிகளுக்குச் சமமில்லையா என்று லின்லித்கோவைக் கேட்டாராம். சமம்தான் என்று வைஸ்ராய் ஒத்துக்கொண்டதும், அப்படிப் படித்தவர்கள் எங்களுக்கு இன்னும் வேண்டும், அரசாங்கத்தில் முக்கியமான இடங்களில் உட்கார வேண்டும், அதற்குப் பணம் தாருங்கள் என்றாராம். ராஜாவின் 25 ரூபாயில் படித்த ஒருவர், தம் வாழ்க்கையையே சாட்சியாக மேசைமேல் வைத்துவிட்டு, மற்றவர்களுக்குத் தயவு வேண்டாம், பட்ஜெட்டில் ஒரு வரி வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

அந்த வரி விழுந்தது. 1944இல் வருஷத்துக்கு 3 லட்சம் ரூபாய் என்று மெட்ரிக்குக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை தொடங்கியது. அதிலிருந்து சிலர் வெளிநாட்டுக்கும் அனுப்பப்பட்டார்கள். 1948–49இல் பழங்குடி மாணவர்களுக்கும், அடுத்த வருஷம் பிற பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கும் விரிந்தது. நம் போர்டில் ஒட்டிய பட்டியல்களில் பெயர் இருந்த பலர் இந்த மூன்று வாசல்களில் ஏதோ ஒன்றின் வழியாக வந்தவர்கள்தான். அது தெரியாமலே அம்பேத்கரை வேறு யாருக்கோ உரியவர் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நண்பர்களை எனக்குத் தெரியும்.

சுதந்திரத்துக்குப் பிறகு சட்ட அமைச்சர், அரசியல் சட்ட வரைவுக் குழுத் தலைவர். நலிந்த பிரிவினரின் கல்வியை அரசு தனிக் கவனத்துடன் வளர்க்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தில் 46ஆம் பிரிவாக இடம்பெற்றது. சட்டம் வந்த சூட்டோடு சூடாகச் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி உத்தரவு நீதிமன்றத்துக்குப் போனது. மருத்துவக் கல்லூரி இடத்துக்காகச் செண்பகம் துரைராஜனும், பொறியியல் இடத்துக்காக சீனிவாசன் என்பவரும் தொடுத்த வழக்குகள். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்றது. தமிழ்நாட்டில் பெரிய கிளர்ச்சி. அதே வருஷம் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து 15ஆம் பிரிவில் நான்காவது உட்பிரிவு சேர்ந்தது. அப்போது சட்ட அமைச்சர் அம்பேத்கர். நம் மாநிலத்தில் கல்லூரி இட ஒதுக்கீடு இன்று நிற்பது அந்த உட்பிரிவைப் பிடித்துக்கொண்டுதான்.

அரசாங்கத்தைக் கேட்டதோடு அவர் நிற்கவில்லை. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி, 1950இல் அவுரங்காபாத்தில் இன்று மிலிந்த் என்று அழைக்கப்படும் கல்லூரி.

கடைசிக் காலத்தில் அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்த மலரில் எழுதியதற்கே அர்த்தமில்லை. 1956 மார்ச்சில் ஆக்ராவில் பேசும்போது, படித்து மேலே வந்தவர்கள் தங்கள் மக்களைத் திரும்பிப் பார்க்கவில்லை, கிராமத்தில் இருப்பவர்களை மறந்து தங்கள் வயிற்றை மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வருத்தப்பட்டார். அவர் வாங்கித் தந்த உதவித்தொகையில் படித்தவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. அதே வருஷம் டிசம்பர் 6ஆம் தேதி டெல்லியில் காலமானார். வயது 65.

திட்டம் இன்னும் இருக்கிறது. பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 2021 முதல் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். நம் தமிழ்நாட்டில் அதோடு முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை 2010இல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024இலும் வந்தன. நான் கல்லூரியில் சேர்ந்தபோது இவை இல்லை. பொறாமையாக இருக்கிறது என்று சொன்னால் தப்பில்லையே.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு அண்ணனாக நாலு வார்த்தை. சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் கடைசி வாரத்தில் தேடாதீர்கள். வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று முதல் மாதமே பாருங்கள். முடங்கிப்போன கணக்கால் வராமல் போன பணம் நிறைய. விண்ணப்ப எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் போர்டைப் பகலிலேயே போய்ப் பாருங்கள். ஷூ லேஸ் கட்ட வேறு இடம் இருக்கிறது.

அப்படியும் பணம் தாமதமாகும். அதற்காகச் சங்கத்தில் ஒரு யோசனை சொன்னேன். பெரிய அறக்கட்டளை எல்லாம் இல்லை, ஒரு சுழல்நிதி. ஸ்காலர்ஷிப் வரும்வரை கட்டணத்துக்குக் கைமாற்று, வட்டி கிடையாது, பணம் வந்ததும் திருப்பிக் கட்டிவிட வேண்டும், விண்ணப்பித்தவர் பெயரை எந்த போர்டிலும் ஒட்டுவதில்லை. பொருளாளர் ஒத்துக்கொண்டு தனியாக ஒரு ரசீதுப் புத்தகம் அச்சடித்திருக்கிறார். சந்திப்பு அன்று பதிவு மேசையிலேயே இருக்கும்.

முதல் ரசீதை எனக்கு எழுதிவிட்டார்கள். இரும்புக் கடை பாய் காலமாகி ஐந்து வருஷம் ஆகிறது. பெயர் எழுதும் இடத்தில் அவர் பெயரைப் போடச் சொன்னேன்.